லிஃப்ட் குழியில் எடுத்த பாட்டு

பிப்ரவரி 9

அண்ணா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்தும் நீ இதைக் கிழிக்காமல் பிரித்திருக்கிறாய் என்றால் பாதி வேலை முடிந்தது. குப்பைக்கூடையில் வீசியிருந்தால் இந்நேரம் அண்ணி எடுத்துப் படித்துக்கொண்டிருப்பார். அண்ணி, வணக்கம். நல்லா இருக்கீங்களா?

என் நம்பரை நீ முடக்கி வைத்து ஐந்து வருஷம் ஆகிறது. "இனிமே உன் குரல் என் காதுல விழக்கூடாது"ன்னு சொன்னாய். காதில்தானே விழக்கூடாது, கண்ணில் படலாமே என்று எனக்கு இப்போதுதான் புத்தி வந்தது. தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று நாலு பேரிடம் விசாரித்தேன், நாலு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பேண்ட் உன் ஊரில் வாசிக்கிறது. பழைய அச்சகத்தின் காகிதக் கிடங்கு இருக்கிறதே, இப்போது அதைக் கச்சேரி இடமாக மாற்றியிருக்கிறார்களாம். நானூறு பேர் நிற்கலாம். நீ வரவேண்டும்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்வது அபத்தம்தான். ஆனால் ஒருமுறையாவது நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டை நீ பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தாய். உன் கையைக் காலைப் பிடித்து, ஒரு பாட்டைப் பதிவு செய்ய நான்தான் உள்ளே வந்தேன். குழியில் இறங்கி நின்று பாடினேன். மேலே மெஷின் ரூமில் ஒரு மைக், ஐந்தாம் மாடியில் ஒன்று, என் காலடியில் ஒன்று. என் குரல் ஒன்பது மாடி ஏறிப் போய்த் திரும்பி வந்தபோது அது என் குரலாகவே இல்லை. முடிந்ததும் "மேல நீ, கீழ நான்"னு பங்கு பிரித்து ஒயர்களைச் சுருட்டினோம். நடுவில் கட்டியதை நான் மறந்தேன். மறுநாள் அந்த ஒயர் சிக்கிக் கதவுப் பூட்டைத் தட்டிவிட, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு மணி நேரம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, உனக்கு எல்லாம் ஆகிவிட்டது.

என் கவனக்குறைவு. உன் வேலை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் யோசிக்காத நாளில்லை.

அந்தப் பாட்டுதான் "ஒன்பது மாடி". எங்களை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது அதுதான். ஆனால் மேடையில் அதை இதுவரை ஒருமுறைகூடப் பாடியதில்லை. உன்னைக் கேட்காமல் பாடுவதில்லை என்று நானே எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். குழுவில் மற்ற நால்வரும் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள். இருக்கட்டும்.

வா. வந்து பக்கத்தில் நின்று "சரி, பாடு" என்று ஒரு வார்த்தை சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வண்டு


பிப்ரவரி 20

வண்டு,

"அன்புள்ள" என்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதாமல் விட்டிருக்கிறேன். தெரிந்துகொள்.

பேசமாட்டேன் என்றேன். பேசவில்லை. இது பதில், பேச்சு அல்ல.

நீ எழுதிவிட்டாய், "உன் வேலை" என்று. போனது எது என்று உனக்குத் தெரியுமா? பதினான்கு பேர் எனக்குக் கீழே இருந்தார்கள். புது லிஃப்ட் ஓடத் தொடங்குமுன் கடைசிக் கையெழுத்து என்னுடையது. இன்றைக்கு நாற்பத்திரண்டு வயதில், தோளில் சாமான் பையை மாட்டிக்கொண்டு, இந்த ஊரில் இருபத்தாறு லிஃப்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு திரிகிறேன். அதில் பாதி என்னைவிட வயதில் மூத்தவை. குடியிருப்பது மூன்றாவது மாடி. அங்கே லிஃப்ட் கிடையாது. உன் அண்ணி தினமும் வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உன் பாட்டு எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. போன வருஷம் செருப்புக் கடையில் போட்டார்கள். ஒரு காலில் பழையது, ஒரு காலில் புதியது. அப்படியே எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். திருடன் என்று நினைத்திருப்பார், பாவம்.

பாடு, பாடாமல் போ, அது உன் இஷ்டம். என்னிடம் ஏன் கேட்கிறாய்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ஆறிப்போனதை ஏன் கிளறுகிறாய்?

நான் வரமாட்டேன். 24ஆம் தேதி மருத்துவமனை லிஃப்டில் வேலை இருக்கிறது. அது மூன்று மணிக்கு முடிந்துவிடும், சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு? உட்கார நாற்காலி உண்டா? அண்ணி கேட்கச் சொன்னாள்.

அண்ணன்

(நான் எதுவுமே கேட்கச் சொல்லலை. இவரா கேக்கறார். எனக்கு அன்னைக்குக் கண்ணாடிக் கடையில வேலை. — அண்ணி)


மார்ச் 1

அண்ணா,

பதில் வந்ததும் பயிற்சி அறையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். செருப்புக் கடை வரைக்கும்தான் படித்தேன். அதற்கு முன்னால் இருப்பதைத் தனியாக வைத்துப் படித்தேன். பதினான்கு பேர் என்று எனக்குத் தெரியாது. ஏழெட்டுப் பேர் என்று நினைத்திருந்தேன்.

மாலை ஐந்து மணிக்குத் தொடக்கம். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் புகார் கொடுப்பதால் ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். நாற்காலி கிடையாது. நிற்க வேண்டும். உனக்கென்ன, நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவன்.

வாசலில் உன் டிக்கெட்டை வாங்கி வைத்திருப்பேன். உறையின் மேல் "லிஃப்ட்காரர்" என்று எழுதியிருக்கும். வாசலில் இருக்கும் அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், கொடுத்துவிடுவார்.

"பாடு, பாடாமல் போ" என்பது எனக்குப் பதிலில்லை. நீ வந்தால் அதுதான் பதில்.

வண்டு

அண்ணி, உங்களை நம்பித்தான் இருக்கிறேன்.


மார்ச் 25

அண்ணா,

வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் சாலையைத் திட்டு.

உறை அப்படியே திரும்பி வந்தது. வாசலில் இருந்த அம்மா எல்லாம் முடிந்தபின் என் கையில் கொடுத்தார். "யாரும் வந்து கேக்கலைம்மா"ன்னு அவர் சொன்ன விதத்திலேயே எனக்காக வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. நான் "பரவாயில்லைங்க"ன்னு சொல்லிவிட்டு, ஒயர் சுருட்டப் போனேன். வழக்கமாக மூன்று முறை எண்ணிப் பார்ப்பேன். நேற்று ஐந்து முறை எண்ணினேன்.

வராமல் போனதற்குக் கோபமில்லை. சத்தியமாகக் கோபம்தான், ஆனால் அதைக் காட்ட எனக்கு உரிமை இல்லை. நீ உன் வேலையைத் தொலைத்தவன். நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தவள்.

இனிமேல் கேட்டுத் தொல்லை செய்யமாட்டேன். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

வண்டு


ஏப்ரல் 2

வண்டு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அண்ணிதான் பிரித்தாள். படித்து முடித்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைக்கும் சத்தத்திலேயே திட்டினாள். ஞாயிறு முழுக்க இப்படியே போனது. திங்கட்கிழமை காலையில் பொறுக்க முடியாமல், சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த டிக்கெட் துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"பார்த்தா தெரியலையா?"

"போனீங்களா?"

"போனேன்."

"அவ உறை திரும்பி வந்துச்சுன்னு எழுதியிருக்காளே."

"தங்கச்சி டிக்கெட்டுல நான் எதுக்குப் போகணும்? காசு குடுத்து வாங்கிட்டுப் போனேன்."

உன் அண்ணி தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். பிறகு மறுபடி திட்டினாள். இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு "முழுசா எழுதுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க"ன்னு விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே முழுசாக எழுதுகிறேன். மருத்துவமனை வேலை முடிந்ததும் நேராக வந்தேன். வாசலில் சாமான் பையை உள்ளே விடமாட்டேன் என்றார்கள். ஸ்பேனர், திருப்புளி, கிரீஸ் டப்பா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு நம்பர் அட்டை கொடுத்தார்கள். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர்கள், எல்லோரும் கறுப்புச் சட்டை. கம்பெனியின் ஆரஞ்சுச் சட்டையில் நான் ஒருத்தன்.

கடைசிச் சுவரை ஒட்டி ஒரு பழைய சரக்கு லிஃப்ட் இருக்கிறது, கவனித்தாயா? காகிதக் கட்டு ஏற்ற வைத்தது. ஓடி முப்பது வருஷமாவது இருக்கும். அதன் மடக்குக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். தெரிந்த ஆள் ஒருவராவது பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது.

நீங்கள் ஐந்து பேரும் வந்தீர்கள். நீ மெலிந்திருக்கிறாய். முடியை ஏன் அவ்வளவு குட்டையாக வெட்டிக்கொண்டாய்? விளக்கை அணைத்தார்கள். புகையை விட்டார்கள். ஒரு "ம்ம்ம்" சத்தம் வந்தது. சரி, எங்கேயோ எர்த் சரியில்லை, யாராவது பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. நானே போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அதன் மேல் உயரமான பையன் கிடாரை ஒரு தட்டுத் தட்டினான், அது போய்க்கொண்டே இருந்தது. இன்னும் சுருதி சேர்க்கிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். பார்த்தால் பாட்டே முடிந்துவிட்டது.

சிரிக்காதே. இரண்டாவது பாட்டில் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. மெஷின் ரூமில் நின்று கேட்டுப் பழகிய காது இது. மோட்டார் சத்தத்துக்கு அடியில் பேரிங் சத்தம், அதற்கு அடியில் கயிற்றுச் சத்தம் என்று பிரித்துக் கேட்பதுதான் என் பிழைப்பு. உங்கள் சத்தத்தையும் அப்படிப் பிரித்துப் பார்த்தேன். அடியில் பேஸ் வாசிப்பவர். அவருக்கு மேலே கீபோர்டுப் பெண். எல்லாவற்றுக்கும் மேலே, வெகு தூரத்தில், நீ. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. மொத்தத்தில் மூன்று வார்த்தை புரிந்தது, அதில் ஒன்று "இல்லை". ஆனால் வார்த்தை வேண்டியிருக்கவில்லை. நீ சின்ன வயதில் ஜுரம் வந்தால் போர்வைக்குள் ஒரு மாதிரி முனகுவாயே, வண்டு என்று பேர் வந்ததே அதனால்தானே. அந்தக் குரல்தான். நானூறு பேர் மூச்சுவிடாமல் அதைக் கேட்கிறார்கள். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், அண்ணி நிற்கிறாள், எழுதிவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நர்ஸ் போலிருந்தது, காலில் வார்டில் போடும் வெள்ளைச் செருப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாட்டுக்கு நடுவில் என்னைப் பார்த்து, "இவங்க பாட்டைக் கேட்டாதான் எனக்கு ஷிஃப்ட் முடிஞ்சு தூக்கமே வருது. நீங்க எப்போலேருந்து கேக்கறீங்க?"ன்னு கேட்டாள். பாடுகிறவள் பிறந்ததிலிருந்து கேட்கிறேன் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டு, "இப்பதான்"ன்னு சொன்னேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு பாட்டு, டிரம்ஸ் ரொம்ப மெதுவாக நுழையுமே, அப்போது தரையெல்லாம் அதிர்ந்தது. நான் சாய்ந்திருந்த மடக்குக் கதவு கடகடவென்று ஆடத் தொடங்கியது. அது தகரம், நீ மேலே பாடுவது பட்டுத்துணி மாதிரி இருக்கிறது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கதவின் இரண்டு பட்டையையும் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது. அந்தப் பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். உங்கள் பாட்டுக்கெல்லாம் முடிவே கிடையாது போலிருக்கிறது. கை மரத்துவிட்டது. உனக்கு அது தெரிந்திருக்காது, பரவாயில்லை.

கடைசியில் யாரோ "ஒன்பது மாடி, ஒன்பது மாடி"ன்னு கத்தினார்கள். நீ மைக்கில் ஏதோ சொன்னாய். பிறகு வேறு பாட்டு. எனக்கு ஒரு வேலை இருந்தது, கிளம்பிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அவ்வளவு தூரம் வரச் சொன்னாய். வந்தேன். ஒன்றரை மணி நேரம் நின்றேன். அந்த ஒரு பாட்டைப் பாடியிருக்கக் கூடாதா?

முழங்கால் தேவலை.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். காசு கொடுத்து வாங்கினாயாம். தங்கச்சி கொடுத்தால் கை கருகிவிடுமா?

முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு கீபோர்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் படித்ததும் டிரம்ஸ்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் எளிதில் கலங்குகிற ஆள் இல்லை. அது அவர் போட்ட பாட்டு. திரும்பி வந்து, "எங்களுக்கு நாலு ஊர்ல சவுண்ட் சரியா அமையலை. இந்த ஊர்ல எப்படி அமைஞ்சுதுன்னு இப்பதான் தெரியுது"ன்னு சொன்னார்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். அந்த உறை வெறும் உறை இல்லை. நீ அதை வாங்கியதும் வாசலில் இருக்கும் அம்மா மேடைப்பக்கம் எனக்குச் சொல்லி அனுப்புவார் என்று ஏற்பாடு செய்திருந்தேன். சொல்லி அனுப்பினால் பாடுவது, இல்லாவிட்டால் இல்லை. நானூறு தலையில் அந்த இருட்டில் உன் தலையை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பாட்டு முடிந்து ஒரு பாட்டு தொடங்கும்போதெல்லாம் மேடை ஓரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை.

அதுவும் போகட்டும். உனக்கு ஏற்பாடு தெரியாது, என் தப்பு. ஆனால் நீ ஒன்றைத் தாண்டிக் குதித்து எழுதியிருக்கிறாய். "நீ மைக்கில் ஏதோ சொன்னாய்" என்கிறாய். பேரிங் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிற காதுக்கு, மைக்கில் சொன்னது "ஏதோ"வா?

நான் சொன்னது இதுதான். "அந்தப் பாட்டு ஒருத்தருக்குச் சொந்தம். என் கவனக்குறைவால அவர் வேலை போச்சு. அவர் வந்து 'பாடு'ன்னு சொல்ற அன்னைக்குப் பாடறேன். இன்னைக்கு அவர் வரலை."

நீ அங்கேயே இருந்திருக்கிறாய். ஆரஞ்சுச் சட்டையோடு. ஒரு கையைத் தூக்கியிருந்தால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அதற்குப் பதிலாக நீ வெளியே போயிருக்கிறாய். ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு உனக்கு என்ன வேலை?

இன்னும் மன்னிக்க முடியவில்லை என்றால் அதை நேராக எழுது. தாங்கிக்கொள்வேன். "ஏதோ" என்று மட்டும் எழுதாதே.

வண்டு


ஏப்ரல் 23

அன்புள்ள வண்டு,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் நான் உன்னைத் திட்டியிருந்தேன், இன்னொன்றில் உலகத்தைத் திட்டியிருந்தேன்.

நீ மைக்கில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. கேட்டதால்தான் வெளியே போனேன்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனபிறகு நடந்ததை எழுதுகிறேன். வேலை முடிந்தால் லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று, மெதுவாக மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். எதையும் விட்டுவரவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்கு. அதைச் செய்யாமல் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்கும் இறங்கினேன். ஐந்தாம் மாடிக்கு வரும்போது டார்ச் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. உன் ஒயர். சுவரில் பதித்த இரும்புத் தாங்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சு.

நான் பார்த்தேன், வண்டு.

கை நீட்டினால் எட்டும் தூரம். நீட்டவில்லை. நீ கிளம்புமுன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிப் போட்டுக் காட்டினாயே, அந்தக் குரல் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படி ஒன்றை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. என் தங்கச்சி, நான் எண்ணெய் விட்ட சுவர்களுக்கு நடுவில். கண் ஒயரைப் பார்க்கிறது, மனசு எங்கேயோ இருக்கிறது. காலையில் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று கீழே இறங்கிவிட்டேன். கையெழுத்தும் போட்டேன். காலையில் பஸ் தாமதம். நான் போய்ச் சேருவதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது.

கதவைத் திறந்து அந்தப் பெண்ணை வெளியே தூக்கியது நான்தான். அவள் நடுங்கிக்கொண்டே எனக்கு நன்றி சொன்னாள்.

கம்பெனியில் விசாரித்தபோது, "தங்கச்சி விட்டுட்டுப் போயிருக்கா, எனக்குத் தெரியாது"ன்னு சொன்னேன். வெளியாளை உள்ளே விட்டதற்கே வேலை போயிருக்கும், அந்தப் பொய்யால் எனக்கு எந்த லாபமும் இல்லை. ஆனாலும் சொன்னேன். ஒருமுறை சொன்னபிறகு அதையே உன்னிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீ அழுதபோது இன்னும் சத்தமாகச் சொன்னேன். பிறகு உன் குரலைக் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, ஃபோனை முடக்கினேன். வீம்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். வீம்பு இல்லை. பயம். முழுப் பூசணிக்காயை ஐந்து வருஷமாகச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு நீ நானூறு பேர் முன்னால் "என் கவனக்குறைவால"ன்னு சொன்னாய். பக்கத்தில் நின்ற அந்த நர்ஸ் பெண், "பாவம்ல"ன்னு என்னிடமே சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. சாமான் பையை வாங்காமலே போய்விட்டு, மறுநாள் போய் வாங்கிவந்தேன்.

உன் அண்ணியிடம் நேற்றுச் சொன்னேன். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, அவளுக்கு எழுதுங்க"ன்னு சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்தப் பாட்டுக்கு நீ என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. எந்த நாளும் இருந்ததில்லை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். நீ என்ன செய்தாலும் அது சரிதான்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். நீ கூப்பிடுவாய் என்பதற்காக அல்ல. பூட்டி வைத்திருப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

அண்ணன்


மே 6

அண்ணா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாள் ஆம்ப்ளிஃபையரை ஓங்கி உதைத்தேன். கால் விரல் வீங்கிவிட்டது. ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்றுமில்லை.

ஐந்து வருஷம், அண்ணா. ஒவ்வொரு மேடையிலும் ஒயரை மூன்று முறை எண்ணியிருக்கிறேன். எண்ணி முடித்தபிறகும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து மனசுக்குள் எண்ணியிருக்கிறேன். லிஃப்டில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கும். அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன், உனக்குத் தெரியுமா? பெண் குழந்தையாம். நன்றாக இருக்கிறார்களாம். இதையெல்லாம் நீ எனக்குச் செய்தாய். "நீ என்ன செய்தாலும் சரிதான்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்க்காதே.

நானும் அதை அவிழ்க்காமல்தான் போனேன், அது வேறு. அதற்கு நான் பட வேண்டியதைப் பட்டாயிற்று. உன் பங்கையும் சேர்த்துப் பட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில்தான் எனக்கு ஆத்திரம்.

இதைப் படிக்கும்போது அண்ணி பக்கத்தில் இருந்தால் அவரை உட்காரச் சொல். இனி வருவது நல்ல செய்தி.

சனிக்கிழமை இன்னொரு ஊரில் வாசித்தோம். பாதி நிகழ்ச்சியில் வழக்கம்போல ஒருவர் "ஒன்பது மாடி"ன்னு கத்தினார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல மைக் பக்கம் போனேன். வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று. திரும்பி டிரம்ஸ்காரரைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டார். கீபோர்டுக்காரிக்கு நம்பிக்கை வரவில்லை, "நிஜமாவா?"ன்னு உதட்டை அசைத்துக் கேட்டாள். ஐந்து வருஷமாக அவர்கள் எனக்குத் தெரியாமல் அதை ஒத்திகை பார்த்துவைத்திருக்கிறார்கள், படுபாவிகள். முதல் அடியிலிருந்து ஒருவரும் தடுமாறவில்லை. நான் மட்டும்தான் தடுமாறினேன். இரண்டாவது வரியை மறந்துவிட்டேன். கீழே இருந்தவர்கள் பாடிக் கொடுத்தார்கள்.

உன்னைக் கேட்காமல் பாடினேன். உன்னை நினைக்காமல் பாடினேன் என்று எழுதத்தான் ஆசை. அது முடியவில்லை. குழிக்குள் நான் நின்றபோது மேலேயிருந்து டார்ச் அடித்து, "பயப்படாத, நான் இங்கதான் இருக்கேன்"ன்னு நீ கத்தினாய் அல்லவா, பாட்டு முழுக்க அந்த வெளிச்சத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதுவும் நீதான், மறைத்ததும் நீதான். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நம்பரைத் திறந்திருக்கிறாய். ஆனால் இதை ஃபோனில் திட்டி முடிக்க முடியாது, கடிதத்தில் திட்டினால் கை வலிக்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் கிளம்பி மதியத்துக்குள் வந்துவிடுவேன். சண்டை போடத்தான் வருகிறேன். எப்படியும் மூன்று நாள் ஆகும், அண்ணியிடம் சொல்லி எனக்கு ஒரு படுக்கை போட்டு வை.

வண்டு